தெருச் சுவரில் ஒரு நினைவுக் கல்: சென்னையில் வைக்க நினைப்பவர்களுக்கு

ஜாபர்கான்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் முன்சுவரில் இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவில் ஒரு கறுப்பு கிரானைட் கல் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் எவ்வளவு உயரம் வந்து நின்றது என்று காட்டும் கல். அதன் வலது கீழ் மூலை உடைந்திருக்கும். அதற்கு முன்னால் செய்த கல் மொட்டை மாடியில் குப்புறக் கிடக்கிறது. அதன் மேல் துணி துவைக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் எங்கள் அவசரம்தான்.

பதினான்கு மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் நான்கு மாதத்தில், ஏறக்குறைய பாதிச் செலவில் முடித்திருப்போம். உங்கள் தெருவிலும் சொல்லத்தக்க ஏதோ ஒன்று இருக்கும். ஒரு கவிஞர் குடியிருந்த வீடு, மூடிப்போன அச்சகம், வெட்டப்பட்ட ஆலமரம், எங்களைப் போல ஒரு வெள்ளக் கோடு. அதைக் கல்லில் எழுதி வைக்க எந்தக் காகிதம் வேண்டும், எவ்வளவு காசு, எத்தனை நாள், எங்கே இடறுவீர்கள் என்பது மட்டும்தான் இங்கே.

1. முதலில் நாலு கல்லைப் போய்ப் பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு சனிக்கிழமையும் பஸ் காசும் போதும்.

உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியதன் அடையாளம். "அவன் பெரிய எம்டன்" என்று பேசுகிற பலருக்கு இப்படி ஒரு கல் இருப்பதே தெரியாது. அதன் முன் நின்று பாருங்கள். நடந்து போகிறவர் நின்று, படித்து, நகர்ந்துவிடலாம். அளவு அவ்வளவுதான். உங்களுக்கும் அதுதான் இலக்கு.

அங்கிருந்து நடந்தால் பாரிமுனை. டேர் ஹவுஸில் 1773 ஜனவரி 1 தேதியிட்ட எல்லைத் தூண் ஒன்று நிற்கிறது. கோட்டையைச் சுற்றி வெட்டவெளியாக விட்ட நிலத்துக்கு எல்லை காட்டத் தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது இது ஒன்று. ஒன்றாவது மிஞ்சியதே பெரிய விஷயம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒரு கட்டடத்தின் அணைப்பில் இருந்ததால் பிழைத்தது.

சைதாப்பேட்டையில், மறைமலை அடிகள் பாலத்தின் அருகே அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானின் கல் இருக்கிறது. 1726-ல் அவர் தன் காசில் கட்டிய பாலத்துக்கான கல். பாலம் போய் வேறு பாலம் வந்துவிட்டது. கல்லில் பாரசீகம், அர்மீனியம், லத்தீன். தினமும் அந்த வழியே போகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அதைப் படிக்க வரும்? தமிழ் இல்லாத கல் சென்னையில் ஊமைக் கல்.

நான்காவது, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் இருக்கும் பழைய வானாய்வுக் கூடத்துத் தூண், 1792-ஐச் சேர்ந்தது. அதில் தமிழ் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் தெருவில் நின்றால் தெரியாது. கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். உங்கள் கல்லை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு இது பாடம்.

2. சுவர் யாருடையது? (எங்கள் பெரிய தவறு இங்கேதான்)

நடைபாதை ஓரமாகச் செங்கல்லில் ஒரு சின்ன மேடை கட்டி அதில் கல்லைப் பதித்தோம். எல்லோர் கண்ணிலும் படும் என்று பெருமை வேறு. ஏழாவது வாரம் மழைநீர் வடிகால் தோண்ட ஜேசிபி வந்தது. மாலை நான் வேலை முடிந்து வந்தபோது மேடை இருந்த இடத்தில் பள்ளம். கல் ஜல்லிக் குவியல் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, மூலை உடைந்து. ஒப்பந்தக்காரரின் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. "யார் சார் இங்க கட்டச் சொன்னது?" என்று கேட்டார்கள். பதில் இல்லை.

பிறகுதான் விசாரித்தேன். பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிதாகச் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. தெருவிளக்கு போன்ற பொது வசதிகளுக்குத்தான் விலக்கு. ஆகவே "கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அவர் வாயால் சொல்வது நாளை உங்களைக் காப்பாற்றாது.

எனவே தனியார் சுவர், தெருவைப் பார்த்த முகம். எங்கள் அனுபவத்தில் வேறு வழி எதுவும் உருப்படாது. அதிலும் பார்க்க வேண்டியவை உண்டு.

சுவர் உண்மையிலேயே அந்த வீட்டு எல்லைக்குள் இருக்கிறதா? சென்னையில் பாதிச் சுற்றுச்சுவர்கள் அரை அடியாவது தெருவுக்குள் நிற்கும். பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டு நகல் இரண்டையும் அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். பழைய கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லை அளவும் இருக்கும். டேப் பிடித்து ஒருமுறை அளந்துவிடுங்கள். சுவர் வெளியே தள்ளி நின்றால் அதில் பதிக்காதீர்கள். சாலை விரிவாக்கம் வந்தால் முதலில் போவது அதுதான்.

உரிமையாளர் ஒருவரா, பலரா? வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் பாருங்கள். அப்பா பெயரில் இருந்து பிள்ளைகளுக்குப் பிரியாத வீடு என்றால் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவர் தலையாட்டிவிட்டார் என்று ஆரம்பித்து, பெங்களூரில் இருக்கும் தங்கை "என்னைக் கேட்டீர்களா?" என்று நிறுத்திய கதையைப் பக்கத்துத் தெருவில் பார்த்தேன். கல்லைப் பார்த்ததும் வீட்டை நினைவிடமாக்கிப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கல் பதிப்பதால் சொத்துரிமை மாறாது என்று ஒப்புதல் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பாதி எதிர்ப்பு அடங்கும்.

அடுக்குமாடி என்றால் சங்கத்தின் தீர்மானம் வேண்டும். கூட்ட அறிவிப்பு, வருகைக் கையெழுத்து, தீர்மான நகல் மூன்றும் சேர்ந்ததுதான் தீர்மானம். எங்களில் பன்னிரண்டு வீடு. இரண்டு உரிமையாளர்கள் வெளிநாட்டில். அவர்களிடம் மின்னஞ்சலில் கையெழுத்து வாங்கவே ஐந்து வாரம் ஆனது. குடியிருப்பவர் கையெழுத்து செல்லாது, உரிமையாளர் கையெழுத்துதான். இதிலும் ஒருமுறை ஏமாந்தோம்.

பாரம்பரியக் கட்டடம் என்றால் கதை வேறு. நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்ட 467 கட்டடங்களில் உங்களுடையது ஒன்றா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம் கேளுங்கள். மாநிலத் தொல்லியல் துறை அலுவலகம் எழும்பூரில், தமிழ் வளர்ச்சி வளாகத்தில். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அருகே இருந்தால் முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சுவரில் கல் பதிப்பது கட்டுமானமா இல்லையா என்று டீக்கடையில் வாதாடாமல் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒப்புதல் கடிதத்தில் இருக்க வேண்டியவை: உரிமையாளர் பெயர், பழைய கதவு எண், புதிய கதவு எண், சர்வே எண், கல்லின் அளவு, சுவரில் எந்த இடம், வாசகத்தின் நகல், கல் யாருக்குச் சொந்தம், யார் பராமரிப்பது, எடுக்க வேண்டி வந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கினோம். இருபது ரூபாய்ப் பத்திரம் என்ற பழைய கணக்கோடு போகாதீர்கள், கட்டணங்கள் கூடியிருக்கின்றன. வீடு கைமாறினால் இந்தக் கடிதம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்று நம்பவும் வேண்டாம். விற்கப் போகிறார் என்று தெரிந்த வீட்டில் கல் வைக்காமலிருப்பதே புத்தி.

3. கதைக்குக் காகிதம் தேடுங்கள்

பாட்டி சொன்ன கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் கல்லில் ஏற்றுமுன் காகிதத்தில் பார்த்துவிடுங்கள். தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் பழைய ஆளுநர் மன்றோவின் சிலைக்கு அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம், கிடையாது. சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் உயிரை விட்டார் என்று கேட்டிருப்பீர்கள். சிற்பி சான்ட்ரி லண்டனில் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையிலும் அங்கவடி கிடையாது. அவர் பாணியே அதுதான். அதைவிடத் தேதிதான் ஆபத்து. பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, அதாவது 12-ம் தேதி அதிகாலை. 11 என்று எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பாரதிக்கே இந்த நிலை என்றால் உங்கள் தெருக்காரருக்கு?

வீடு, ஆள் பற்றிய கதை என்றால் முதல் முட்டுக்கட்டை முகவரி. கதவு எண்கள் மாறிவிட்டன. "பழைய எண் 14, புதிய எண் 27" என்று இருக்கும். அதற்கும் முந்தைய எண் ஒன்றும் இருக்கும். தெருப் பெயரும் அப்படித்தான். முதலி, நாயக்கன் என்று வால் இருந்த பெயர்கள் பிறகு வால் நீங்கி நிற்கின்றன. பழைய ஆவணத்தில் தேடும்போது வாலோடு தேடினால்தான் கிடைக்கும். நூறு ஆண்டுக்கு முந்தையது என்றால் அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற பழைய சென்னைக் கையேட்டைக் கேளுங்கள். கன்னிமாரா நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம், கல்லூரிச் சாலையில் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் என்று ஒரு சுற்று வாருங்கள். ஆவணக் காப்பகத்துக்கு அடையாள அட்டை, புகைப்படம், எதற்காகப் பார்க்கிறீர்கள் என்ற கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். போன அன்றே ஆவணக் கட்டு கைக்கு வரும் என்று விடுப்பு எடுத்துப் போகாதீர்கள்.

அரசுத் துறையிடம் இருக்கும் தகவலுக்குத் தகவல் உரிமைச் சட்டம். மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வியை "விவரங்கள் தரவும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பதிவேடு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். எங்களுக்கு 26-ம் நாள் பதில் வந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்றைய மழைக் கணக்கெல்லாம் எளிதாகக் கிடைத்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கிடைக்காதது எங்கள் சுவரின் கணக்கு. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பன்னிரண்டு வீட்டில் கேட்டேன். ஒருவர் இடுப்பைக் காட்டினார், ஒருவர் கழுத்தை, ஒருவர் தலைக்கு மேல் கையைத் தூக்கினார். தரைத்தளத்து ஆச்சி மட்டும், "ஸ்விட்ச் போர்டு முங்கிச்சுப்பா, அதுக்கு மேல நான் பார்க்கல, மேல ஓடிட்டேன்" என்றார். நம்பகமான சாட்சி என்றால் அதுதான், பார்த்ததை மட்டும் சொல்வது. ஆனால் கோடு எங்கே? வெள்ளம் வடிந்த பிறகு மூன்று முறை பெயிண்ட் அடித்தாயிற்று.

கடைசியில் மின்சார மீட்டர் பெட்டிக்குள் கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே, மரப்பலகை அடித்த பழைய பெட்டி. பெயிண்டர் ஒருமுறையும் அதைத் திறந்ததில்லை. உள்பலகையில் பென்சிலால் ரூல் போட்டது போல ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே பலகை கறுத்து, நாரெல்லாம் எழும்பி, விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. மேலே வழவழப்பாக அப்படியே இருந்தது. கோட்டின் மேல் ஒரு சின்ன இறகு ஒட்டிக் காய்ந்திருந்தது. டேப்பை வைத்து, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோதான் எங்கள் ஆதாரம். உங்கள் வீட்டிலும் இப்படிப் பெயிண்டர் கை படாத இடம் ஏதாவது இருக்கும்: பரண், கதவு நிலையின் பின்புறம், பீரோவுக்குப் பின்னால்.

உயரத்தை எதிலிருந்து அளப்பது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். சாலையிலிருந்து அளக்காதீர்கள். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் தெரு உயர்ந்துகொண்டே போகும். இன்று ஐந்தடி என்று எழுதினால் பத்து வருடத்தில் நாலரை ஆகிவிடும். கட்டடத்தின் தரைத்தள மட்டத்திலிருந்து அளந்து கோப்பில் எழுதி வையுங்கள்.

4. வாசகம்: நாற்பது சொல்லுக்கு மேல் போகாதீர்கள்

எங்கள் முதல் வரைவில் நூற்றுப்பத்து சொல் இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தது, யார் எப்போது சொல்லியிருக்க வேண்டும், படகு எத்தனை மணிக்கு வந்தது எல்லாம் இருந்தது. இரண்டு மாதம் சண்டை போட்டோம். அந்தச் சண்டை நியாயமானதுதான். ஆனால் கல் மறுப்புக்குப் பதில் சொல்லாது. வாதாடுகிற வரி கல்லில் இருந்தால் அதைச் சுரண்டவும் ஒருவர் வருவார். கடைசியில் நின்றது இது:

2015 டிசம்பர் 1, 2
அடையாற்று வெள்ளம்
இந்தக் கல்லின் மேல்விளிம்பு வரை நின்றது.
மாடி வீடுகள் எல்லாருக்கும் திறந்திருந்தன.

கீழே இதுவே சின்ன ஆங்கில எழுத்தில்.

பெயர்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். உயிரோடு இருப்பவர் பெயரைப் போட்டால் விடுபட்டவர் வருத்தப்படுவார். உபயதாரர் பெயரோ அதைவிட மோசம். கோயில் ட்யூப் லைட்டில் "உபயம்" எழுதி எழுதி வெளிச்சத்தையே மறைத்த ஊர் நம்முடையது. தந்தவர்களுக்கு ரசீது கொடுங்கள், நன்றிக் கடிதம் கொடுங்கள், கல்லில் இடம் கொடுக்காதீர்கள்.

இனி துணி துவைக்கும் கல்லின் கதை. வாசகத்தைச் செல்போனில் அனுப்பினேன். கடையில் வடிவமைப்பாளரின் கணினியில் இருந்தது கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு. அதில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து கட்டம் கட்டமாக வரும். இது இந்தத் தொழிலில் இன்றும் சகஜம். அவர் என்ன செய்வார்? பார்த்து, தன் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்வார். செய்தார். நான் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பஸ்ஸில் நின்றபடி பார்த்து "ஓகே" போட்டேன். கல் வந்து இறங்கியது. "அடையாற்று வெல்லம்." ஆச்சிதான் முதலில் படித்தார். "ஏம்ப்பா, பொங்கலுக்கா?" என்று கேட்டார்.

ஆகவே: வாசகத்தைப் படமாகவோ எழுத்துருவெல்லாம் கோடாக மாற்றிய பிடிஎஃப்பாகவோ நீங்களே செய்து கொடுங்கள். கல்லில் ஒட்ட எழுத்து வடிவத்தை (ஸ்டென்சில்) வெட்டியதும், மணலை வேகமாக அடித்து எழுத்தைக் குழிக்குமுன், நேரில் போய் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். தனியாகப் போகாதீர்கள், வாசகத்தை எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. ல-ள-ழ, ர-ற, விடுபட்ட புள்ளி, பிறகு தேதி. ஸ்டென்சில் மாற்ற ஐந்நூறு ரூபாய், கல் மாற்ற ஆறாயிரம்.

5. கல்லும் கூலியும்

பித்தளைத் தகடு அழகுதான். சென்னையில் தெருவைப் பார்த்த சுவரில் பித்தளை வைப்பது பழைய இரும்புக் கடைக்கு வழி காட்டுவது போல. எவர்சில்வர் தகட்டில் எழுத்து அரித்து எடுப்பது மலிவு. ஆனால் கடற்கரை ஓரத்தில் சாதாரண 304 ரகத்தில் துருப் புள்ளி வரும், 316 ரகம் கேளுங்கள். பளிங்கு மழையில் மங்கும். மெருகேற்றிய கறுப்பு கிரானைட், மணல் அடித்துக் குழித்த எழுத்து, உள்ளே வெள்ளைப் பெயிண்ட். பெயிண்ட் போனாலும் குழி இருக்கும். கியூஆர் குறி வைக்கலாம் என்று எங்கள் வீட்டு இளைஞர்கள் கேட்டார்கள். அது போய்ச் சேரும் இணைய முகவரிக்கு வருடா வருடம் பணம் கட்டுவது யார் என்றதும் பேச்சு நின்றது.

கல்லறைக் கல், திறப்பு விழாக் கல் செய்யும் கடைகளே இதையும் செய்கின்றன. விலை இரண்டு வகைக் கணக்கு: கல்லுக்குச் சதுர அடி, செதுக்க எழுத்துக் கணக்கு. "கொம்பு, கால், புள்ளி தனி எழுத்தா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 'கொ' ஒரு எழுத்து என்று நீங்கள் நினைப்பீர்கள், பில்லில் மூன்று இருக்கும். நாங்கள் சேர்த்தே ஒன்று என்று பேசி முடித்தோம். கல் மூன்று சதுர அடி, 350 வீதம் 1,050 ரூபாய். எழுத்து இரண்டு மொழியிலும் சேர்த்து 210, தலா 20 வீதம் 4,200. ஓரம் மெருகு, நான்கு துளை 950. ஆக 6,200. இரண்டாவது கல்லுக்கு எங்கள் முகத்தைப் பார்த்து 5,500-க்குக் கொடுத்தார். இது நாங்கள் கொடுத்த விலை. நீங்கள் மூன்று கடையில் கேளுங்கள்.

மற்றது: நடைபாதை மேடை 3,800 (தண்டம்), கொத்தனாரும் சித்தாளும் ஒரு நாள் 2,200, போல்ட்டும் எபாக்ஸி பசையும் 1,150, பத்திரம், நோட்டரி, ஜெராக்ஸ் 1,100, திறப்பு அன்று டீ, சுண்டல் 1,700. மொத்தம் 21,650. அதில் 9,300 எங்கள் அசட்டுத்தனத்தின் விலை. கழித்தால் 12,350. வீட்டுக்கு ஆயிரம் சொச்சம்.

எப்போது ஆரம்பிப்பது? ஜனவரியில் ஆரம்பித்து ஆகஸ்ட் 22 சென்னை நாளுக்குள் முடிப்பது நல்ல கணக்கு. அந்த வாரத்தில் ஊரெல்லாம் பாரம்பரிய நடை போவார்கள், உங்கள் தெருவுக்கும் நாலு பேர் வருவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரைத் தொடாதீர்கள். ஈரச் சுவரில் எபாக்ஸி பிடிக்காது, கொத்தனாரும் கிடைக்க மாட்டார்.

6. பதிக்கும் நாள்

நினைவுக் கல் என்றால் நடுப்பகுதி கண் மட்டத்தில், நாலரை முதல் ஐந்தடிக்குள் வரட்டும். தாழ வைத்தால் தெரு உயர உயர மூழ்கும். அதற்கு முன்பே ஸ்கூட்டர் வந்து மறைக்கும். வெள்ளக் கோட்டுக்கு மட்டும் உங்கள் இஷ்டம் கிடையாது, தண்ணீர் நின்ற இடம்தான். எங்களுக்கு மேல்விளிம்பு கோடு.

மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, கல் போகும் சுவர் நாற்பது அடி தள்ளி. உயரத்தை அங்கே எப்படிக் கொண்டு போவது? லேசர் கருவி வாடகைக்கு விசாரித்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் பையிலிருந்து ஒரு நீள டியூபை உருவினார். தண்ணீர் நிரப்பி, குமிழி போக உதறி, ஒரு முனையை ஆச்சியின் பேரனிடம் கொடுத்து மீட்டர் பெட்டிக்கு அனுப்பினார். மறு முனையைச் சுவரோடு பிடித்துக்கொண்டார். "கோட்டுக்கு வந்துச்சா?" "இன்னும் கொஞ்சம் அண்ணா!" டியூபுக்குள் தண்ணீர் ஏறி, இறங்கி, நடுங்கி நின்றது. நின்ற இடத்தில் பென்சிலால் கீறினார். நான் அந்தக் கோட்டருகே போய் நின்று பார்த்தேன். என் மோவாய்க்கு வந்தது.

துளை போடுமுன் சுவருக்குள் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் போகிறதா என்று பாருங்கள். பூச்சு பொக்கையாக இருந்தால் தட்டினால் சத்தம் மாறும். அங்கே செதுக்கி எடுத்துச் செங்கல் வரை போக வேண்டும். நான்கு மூலையிலும் ஆங்கர் போல்ட், பின்னால் எபாக்ஸி, இரண்டும் சேர்ந்து. எபாக்ஸியை மட்டும் நம்பினால் வெயிலுக்குக் கழன்று யார் காலிலாவது விழும். போல்ட் தலையை மூடி போட்டு மறையுங்கள். ஓரத்துச் சிமெண்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க ஆள் போடுங்கள்.

7. திறப்பு

சின்னதாக வையுங்கள். தெருவில் பந்தல், நாற்காலி, மைக் என்று போனால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி, காவல் நிலையம் என்று இன்னும் மூன்று வாரம். நாங்கள் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று டீ குடித்தோம். திரையை ஆச்சி இழுத்தார். விருந்தினர் யாரையும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் கல்லில் அவர் பெயருக்கு இடம் கேட்டிருப்பார்கள்.

8. கோப்பு

ஒரே கோப்பில்: ஒப்புதல் கடிதம், சங்கத் தீர்மானம், எல்லை அளவு, ஆதாரப் போட்டோ, தகவல் உரிமைப் பதில், வாசகத்தின் பிடிஎஃப், கடை பில், தரைத்தளத்திலிருந்து கோட்டின் உயரம். மூன்று நகல். ஒன்று சங்கச் செயலரிடம், ஒன்று மாடி வீடு ஒன்றில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். எங்கள் பழைய சங்கக் கோப்புகள் தரைத்தள அறையில்தான் இருந்தன. 2015-க்கு முந்தைய எதுவும் இப்போது இல்லை.

வருடம் ஒருமுறை எழுத்துக் குழியில் பெயிண்ட் தொட வேண்டும், அரை மணி வேலை. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வரும் நாளில் மட்டும் யாராவது வீட்டில் இருங்கள். கல்லின் மேல் செய்தித்தாள் ஒட்டிவிட்டுத்தான் அவரை பிரஷ்ஷைத் தொட விட வேண்டும். மீட்டர் பெட்டியின் உள்பலகைக்கும் நாங்கள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: "இதற்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்."